ஒன்றை அழுத்தவும்

“சாரு வரலியாக்கா?” என்று கேட்கிறான் பென்சிகர். நான் இன்னும் நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. பார்வதிபுரத்தில் மெயின்ரோட்டை ஒட்டித் தகரம் போட்ட பழைய கார் யார்டு, அதன் மூலையில் பெட்டி மாதிரி ஒரு ஏசி அறை, மேஜைமேல் பிளாஸ்டிக் ரோஜா, அதன் இதழில் படிந்திருக்கிற தூசியைத் துடைக்கக்கூட ஆளில்லை, ஆனால் சாரைப் பற்றிக் கேட்க மட்டும் ஆள் இருக்கிறது. சாரு, அதாவது என் வீட்டுக்காரன் ஜஸ்டஸ், எதற்கு வரணும்? கார் வாங்க வந்திருப்பது நான். ரோஸ்லெட். நாற்பத்தைந்து வயசு, லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம், பேகுக்குள் கிரெடிட் கார்டு. வெளியே நிற்கிற அந்தச் சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன், சாரைப் பற்றிப் பேச வரவில்லை. “வரல” என்கிறேன். “பேசி முடிச்சிரலாம்னு பாத்தேன், அதாக்கும்” என்கிறான். பேசி முடிக்க ஆண்வாய் வேண்டும் அவனுக்கு. என் வாயோடு விலை பேசினால் அவன் யார்டு தீட்டாகிவிடும். விரலில் மூன்று மோதிரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கல். வேறு எங்காவது போயிருப்பேன், கோட்டாற்றிலிருந்து இதுவரை நாலு யார்டில் கேட்டாயிற்று, கார்டு என்றதும் ஒருவன் சிரித்தான், ஒருவன் “கார்டுல பிரிட்ஜ் வாங்கலாம்மா, காரா?” என்றான், இவன் ஒருவன்தான் மிஷின் வைத்திருக்கிறான். இவன் ஜஸ்டஸோடு புட்பால் விளையாடியவன். கல்யாண வீடுகளில் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்பார்கள். தெரிந்தேதான் வந்தேன். தாகம் எடுத்தவள் குழாய் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. “காப்பி சொல்லட்டாக்கா?” வேண்டாம். உன் காப்பி குடித்தால் விலையில் நான் வாயைத் திறக்க முடியாது. “வேண்டாம், வண்டியப் பாக்கணும்.”

வண்டி. போன ஞாயிறுவரை எனக்கு ஒரு வண்டி இருந்தது. சிவப்பு. நான் பார்த்து, நான் தவணை கட்டி, நான் கழுவி, நான் ஓட்டிய வண்டி. லோன் போட்ட பேங்கில் இருந்த தடியன் சொன்னான், “சாருக்க பேர்ல போட்டா சீக்கிரம் பாஸாகும் மேடம், எல்லாம் ஒண்ணுதானே.” எல்லாம் ஒண்ணுதானே. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் இந்த வார்த்தையை, கேட்டுக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன், தலையாட்டிய ஒவ்வொரு தடவையும் என்னிடமிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்பட்டது. ஜஸ்டஸ் சித்திரையில் வீட்டைவிட்டுப் போனான், மார்த்தாண்டத்தில் அவன் அண்ணன் வீட்டுக்கு, நிம்மதி இல்லையாம் அவனுக்கு. போகும்போது இரண்டு பேண்ட், ஷேவிங் செட், இன்னொரு சாவி. சாவி போனதை நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே வருகிறேன், வேப்பமரத்தடியில் வண்டி இல்லை. வேப்பம்பழம் விழுந்து கறைபட்ட சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது, வண்டி நின்ற இடம் மட்டும் சுத்தமாக. ஓடினேன். சபையே பார்க்கச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன், ஸ்டேஷனில் போய் மூச்சு வாங்க நின்றேன், திருடு போயிற்று என்றேன். எழுதுகிறவன் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. “யாருக்க பேர்லம்மா வண்டி?” சொன்னேன். அவன் நம்பரைக் கேட்டான், எதையோ தட்டிப் பார்த்தான், போன் போட்டான், போனில் சிரித்துப் பேசினான், என் முன்னாலேயே, ஆமா சார், சரி சார், இல்ல சார் பயந்துட்டாங்க. வைத்துவிட்டுச் சொன்னான், “உங்க வீட்டுக்காரர்தான் எடுத்திருக்காரு. வித்துட்டாராம். அவருக்க வண்டிய அவரு எடுத்தா அது திருட்டு இல்லைல்லா.” அங்கே பெஞ்சில் மூக்கில் ரத்தம் கட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டான். அந்தப் பாவத்தை அவன் மூக்கிலேயே திருப்பி அடிக்கவேண்டும்போல இருந்தது. ராத்திரி போனில் கேட்டதற்கு ஜஸ்டஸ் சொன்னது ஒன்றே ஒன்று. அண்ணனுக்க ரப்பர் நாற்றுப் பண்ணைக்குப் பணம் வேண்டியிருந்தது, நான் வித்தேன், உனக்க பேர்ல என்ன இருக்கு? உனக்க பேர்ல என்ன இருக்கு. ஒரு வாரமாகப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அதை நாக்கால் தள்ளிக்கொண்டிருக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

வெள்ளை வண்டியைச் சுற்றி வருகிறேன். பென்சிகர் பின்னாலேயே வருகிறான், அவன் செண்ட் எனக்கு முன்னாலேயே வருகிறது. “டாக்டர் ஓட்டின வண்டியாக்கும், ஒரே ஓனர், வீடு விட்டா ஆஸ்பத்திரி.” எல்லாப் பழைய வண்டியையும் டாக்டர்தான் ஓட்டியிருப்பார், இந்த ஜில்லாவில் நோயாளியைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் டாக்டர்கள் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இடது பக்கக் கதவில் வேறு வெள்ளை அடித்திருக்கிறார்கள், கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. உட்கார்கிறேன். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டில் யாரோ ஒருவருடைய முதுகுக் குழி இருக்கிறது, என் முதுகு அதில் பொருந்தவில்லை. கிளட்ச் உயரத்தில் பிடிக்கிறது. ஸ்டியரிங் இடது பக்கம் ஒரு விரல்கடை இழுக்கிறது. யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டுகிறேன். பிடிக்கவில்லை, இந்த வண்டியை எனக்குப் பிடிக்கவே இல்லை, அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று கியர் சொல்கிறது. பரவாயில்லை. பிடித்ததற்கெல்லாம் என்ன கதி ஆயிற்று என்று பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது நாலு சக்கரமும் நல்ல ஒரு ஹேண்ட்பிரேக்கும். என் பிழைப்பு அந்த ஹேண்ட்பிரேக்கில்தான் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற பெண்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று யாருக்காவது தெரியுமா? பேங்கில் வேலை பார்க்கிறவள், ஸ்கூல் டீச்சர், துபாய்க்காரன் பெண்டாட்டி, எல்லோர் வீட்டிலும் கார் நிற்கிறது, ஒருத்தியும் தொடமாட்டாள். அவர்களை என் வண்டியில் ஏற்றி, இடது சீட்டில் நான் உட்கார்ந்து, வலது கையை ஹேண்ட்பிரேக்மேல் வைத்துக்கொண்டு, வடசேரி பஸ் ஸ்டாண்ட் வழியாக ஓட்ட வைப்பேன். பஸ் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடாதே மக்களே, அவனைப் பாரு, அவன் கண்ணைப் பாரு, அவன் ஒதுங்குவான் என்பேன். ஒதுங்குவான். இப்போது ஒரு வாரமாக ஒருத்தியும் ஓட்டவில்லை. அஜிலா மட்டும் தினம் மெசேஜ் போடுகிறாள், அக்கா இன்னைக்காவது உண்டா? ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டுக்காரன் குவைத்தில், நைட் டியூட்டி முடிந்து வர ஆட்டோக்காரனை நம்பவேண்டியிருக்கிறது அவளுக்கு. மற்றவர்கள் மெசேஜ் போடுவதில்லை. போடாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. ஒருத்தியின் புருஷன் சொல்லியிருப்பான், அவளுக்கே காரில்ல, உனக்கு என்னத்தப் படிப்பிக்கா? அதற்கு இவள் சிரித்திருப்பாள். சிரித்திருப்பாளா? சிரிக்காமலிருக்க இவளுக்கு என்ன, என்னிடம் கற்றுக்கொண்டது கியர் போடத்தானே.

“அப்போ கார்டுதானாக்கா?” மறுபடி ஏசி அறை. “கார்டுன்னா மேல ரெண்டு பெர்சென்ட் வரும், கேட்டியளா, அது நமக்கு இல்ல, பேங்குகாரனுக்கு.” ஒரு பெர்சென்ட் உனக்கு, எனக்குத் தெரியும், நகைக்கடைக் கவுண்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்தக் கடையில் வைத்துத்தான் இந்தக் கார்டு என்னிடம் வந்தது, கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு டிபன்பாக்ஸாக வந்து கையெழுத்துக் கேட்டான், பாவமாக இருந்தது, போட்டேன். பெட்ரோலுக்கு மட்டும் தேய்ப்பேன், மாசம் முடிந்ததும் கட்டிவிடுவேன். நல்ல பிள்ளை என்று நினைத்தோ என்னவோ அவர்களாகவே வருஷம்தோறும் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், வாழ்த்துக்கள் ரோஸ்லெட், உங்கள் வரம்பு உயர்ந்துள்ளது. சம்பளச் சீட்டு இல்லை என்று கார் லோன் தரமாட்டேன் என்ற அதே பேங்குதான் இந்தப் பக்கம் கார்டில் அள்ளிக் கொடுக்கிறது, லோனுக்கு வட்டி குறைவு, இதற்கு வட்டி கழுத்து வரை, அதனால் தருகிறான். தெரியாமலா தேய்க்கிறேன். எல்லாம் தெரியும். மாசம் பிறந்தால் அந்தத் தேதி வரும், குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை என்று ஒன்று போடுவான், அதை மட்டும் கட்டினால் போதும் என்று இனிக்க இனிக்கச் சொல்வான், அந்த ஓட்டையில் விழுந்தவர்கள் ஏறிவந்ததே இல்லை, கடையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி தாலிக்கொடியை எங்கள் கவுண்டரிலேயே கொண்டுவந்து வைத்தாள், நான்தான் எடை போட்டேன். தவணையாக மாற்றிக்கொள்ளலாம். கேட்டு வைத்திருக்கிறேன். இருபத்துநாலு மாசம். ஒரு மாசத்துக்கு எட்டுப் பெண்கள் வந்தால் தாண்டிவிடுவேன், ஆறு பேர் வந்தால் மீன் வாங்காமல் தாண்டுவேன், நாலு பேர் வந்தால். நாலு பேர் வந்தால் என்ன என்பதை யோசிக்கக்கூடாது, யோசித்தால் எழுந்து போய்விடுவேன், எழுந்து போனால் அஜிலா வேறு ஆளைப் பார்ப்பாள், பார்க்கட்டும், இல்லை பார்க்கக்கூடாது. திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து மகள் காலையில் போன் செய்தாள். கார்டுல வேண்டாம்மா, அப்பாட்ட பேசிப் பாருங்க, அப்பா பாவம்மா. அப்பா பாவம். என் வயிற்றில் பிறந்ததே அந்தப் பக்கம் போய் நிற்கிறது. “யாருக்க பேர்ல மாத்தணும்?” என்கிறான் பென்சிகர், பேனாவை எடுத்துக்கொண்டே, சாருக்க ஆதார் இருக்கான்னு கேக்கத்தான் என்று இழுக்கிறான். “எனக்க பேர்ல. ரோஸ்லெட். றகரம் இல்ல, ரகரம். முதல்ல அத எழுதுங்க, பொறவு கார்டு தாறேன்.” எழுதுகிறான். ஏசியின் கீழே வியர்க்கிறது அவனுக்கு. நெட் வரவில்லை என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறான், போனையும் எடுத்துக்கொண்டு போகிறான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று பேசுகிறான். மிஷினுக்கு நெட் தேடுகிறவன் எதற்கு வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசவேண்டும்?

தெரிந்துவிட்டது. காப்பி வேண்டாம் என்ற பிறகும் காப்பி வந்தபோதே தெரிந்துவிட்டது. நெட் வரவில்லை, மிஷினில் சார்ஜ் இல்லை, கையெழுத்துப் போடவேண்டிய பையன் சாப்பிடப் போயிருக்கிறான், ஒவ்வொன்றாக வருகிறது. பைக் வந்து நிற்கிறது. ஜஸ்டஸ். மார்த்தாண்டத்தில் இல்லை இவன், இங்கேதான் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான், என் பணத்தில், என் சிவப்பு வண்டியை விற்ற பணத்தில். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியை ஒதுக்கிவிடுகிறான், பெண் பார்க்க வந்த அன்றைக்கும் வாசலில் நின்று இப்படித்தான் ஒதுக்கினான், அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது, அந்த அன்றைய ரோஸ்லெட்டைக் கையில் கிடைத்தால் அறைவேன். உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறான், கேட்காமல். “காப்பி குடிச்சியா?” என்கிறான். இதைத்தான் என்னால் தாங்கமுடியாது. அவன் கத்தினால் எனக்கு ஒன்றும் இல்லை, அவன் இப்படி மெதுவாகக் கேட்கும்போதுதான் உடம்பெல்லாம் எரிகிறது. “எதுக்கு வந்தீங்க?” “பென்சி போன் பண்ணினான். கார்டுல கார் வாங்குகியாம். பைத்தியமா உனக்கு?” “ஆமா.” “ரோசி, வட்டி என்னன்னு தெரியுமா? நாளைக்குக் கட்டலன்னா பேங்குகாரன் எனக்க அண்ணன் வீட்டு முற்றத்துலதான் வந்து நிப்பான். ஊரு சிரிக்கும்.” ஆக அதுதான். என்னைப் பற்றிய கவலை இல்லை, முற்றத்தைப் பற்றிய கவலை. “நிக்கட்டு” என்கிறேன், “அங்கதானே எனக்க வண்டிப் பணம் நாற்றா முளைச்சு நிக்குது. பாத்துட்டுப் போகட்டு.” பென்சிகர் சிரிப்பை அடக்கப் பிளாஸ்டிக் ரோஜாவைத் திருப்பி வைக்கிறான். ஜஸ்டஸின் காது சிவக்கிறது. “வீட்டு வண்டியத்தான் வித்தேன். பண்ணையில காசு வரட்டும், புதுசே எடுத்துத் தாறேன். ஆறு மாசம் பொறு. அதுவரைக்கும் இந்தப் பொம்பளையளுக்குப் படிப்பிச்சுக் கொடுக்கதெல்லாம் வேண்டாம், வீட்ல இரி.” அவன் நல்ல மனசோடுதான் சொல்கிறான். அதுதான் பயங்கரம். அவன் மனசுக்குள் எங்கே தட்டிப் பார்த்தாலும் தான் செய்தது தப்பு என்கிற சத்தம் கேட்காது. “மிஷின் வேலை செய்யுதா பென்சிகர்?” என்கிறேன். அவன் ஜஸ்டஸைப் பார்க்கிறான். “அவரப் பாக்காதிய. கார்டு எனக்க கையிலயாக்கும் இருக்கு.”

தேய்க்கிறான். நான் நம்பர் போடுகிறேன், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஜஸ்டஸ் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், திருடனைப்போல நடத்துகிறாளே என்று. மிஷின் யோசிக்கிறது. யோசித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம், ஒரு துண்டுச் சீட்டு, பென்சிகர் அதைக் கிழித்து என்னிடம் தராமல் ஜஸ்டஸிடம் நீட்டுகிறான். “டிக்ளைன் ஆயிட்டுண்ணே.” அந்த அண்ணேயில் என்ன ஒரு ஆறுதல் அவனுக்கு. ஜஸ்டஸ் மூச்சு விடுகிறான், நீளமாக, கஷ்டகாலம் விலகினதுபோல, எழுந்து நிற்கிறான், என் தோளைத் தொடுகிறான். “வா, நான் பைக்ல விட்டிருதேன்.” தோள் அவனை உதறவில்லை, அது மரத்துப்போய் அப்படியே இருக்கிறது. காதுக்குள் ஏசியின் இரைச்சல் மட்டும். அளவு போதவில்லையா? ரெண்டு பெர்சென்டால் போயிற்றா? நேற்று ராத்திரி பெட்ரோல் போட்டிருக்கக்கூடாதோ, பெட்ரோலா, வண்டியே இல்லாதவள் எங்கே பெட்ரோல் போட்டாள், மூளை குழம்புகிறது. ஸ்டேஷனில் பேனா மூடியைக் கழற்றாத அந்தக் கை, லோன் தடியனின் தொப்பை, அண்ணே என்கிற இவன், எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு வட்டமாக நிற்கிறார்கள், நான் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கை கீழே இறங்கி மறிக்கிறது. அப்போது என் போன் அடிக்கிறது. தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு பெண் குரல், பதிவு செய்தது, உயிரில்லாமல் பேசுகிறது. வணக்கம். உங்கள் கார்டில் வழக்கத்துக்கு மாறான ஒரு பெரிய தொகைக்கு முயற்சி நடந்துள்ளது. இதைச் செய்வது நீங்கள்தான் என்றால் ஒன்றை அழுத்தவும். நீங்கள் இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். யாரது ரோசி என்கிறான் ஜஸ்டஸ். அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து சொல்கிறது, பொறுமையாக, இதைச் செய்வது நீங்கள்தான் என்றால். சித்திரையிலிருந்து இதுவரை யாரும் என்னிடம் இப்படி நேராக ஒரு கேள்வி கேட்கவில்லை. நான்தானா? மாசம் பிறந்தால் கட்டப்போவது, நாலு பேர் மட்டும் வந்தால் முழிக்கப்போவது, இந்த நீலம் கலந்த வெள்ளைக் கதவைத் தினம் பார்க்கப்போவது. இரண்டை அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல ஆகிவிடும், பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம், சாயங்காலம் மீன்குழம்பு வைக்கலாம், அவன் திரும்பி வந்தாலும் வருவான். வந்துவிடுவான், அதுதான் அவனுக்கும் வேண்டியிருக்கிறது, அண்ணன் பெண்டாட்டியின் சமையல் சலித்திருக்கும். ஒன்றை அழுத்துகிறேன். நகம் வெளுக்க அழுத்துகிறேன். நன்றி என்கிறது அந்தக் குரல். “இப்பத் தேயுங்க” என்கிறேன் பென்சிகரிடம்.

இந்தத் தடவை மிஷின் யோசிக்கவில்லை. நீளமான சீட்டு வந்தது, அதை நானே கிழித்தேன். கையெழுத்துகள், சாவி, சாவியில் தொங்குகிற ஒரு ரப்பர் முயல்குட்டி, அதைக் கழற்றி ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை, நெஞ்சில் ஏதோ ஒரு பாரத்தை ஏற்றி இருபத்துநாலு மாசத்துக்குக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். வண்டியை அவன் ஆள் வாசலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை ஓடவிட்டே இறங்கினான். ஏறிக் கதவை அடைத்தேன். மறுபக்கக் கதவு திறந்தது. ஜஸ்டஸ் ஏறி உட்கார்ந்துவிட்டான். “பைக்?” “அது பென்சிகிட்ட நிக்கட்டு. வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்கண்டாமா? நீ எடு.” யார்டு வாசலில் பென்சிகர், அவன் ஆட்கள், காப்பி கொண்டுவந்தவன், எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். அங்கே வைத்து ஒரு கூத்து வேண்டாம் என்று எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது. வெட்டூர்ணிமடம் வருவதற்குள் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டினான், டேஷ்போர்டைத் திறந்து பார்த்தான், ஜன்னலை இறக்கி ஏற்றிப் பார்த்தான், ஏசியைத் தன் பக்கம் திருப்பினான். வண்டிக்கு உரிமைக்காரன் செய்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்தான். பிறகு, “மோசமில்ல” என்றான். “ஸ்டியரிங் கொஞ்சம் இழுக்கு, நம்ம குமாருட்டச் சொல்லி அலைன்மெண்ட் பாத்துக்கிடலாம். சனிக்கிழமை அண்ணன் மவளுக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும், அதுக்கும் ஆச்சு.” அதுக்கும் ஆச்சு. சக்கரம் யார்டு மண்ணை இன்னும் உதறி முடிக்கவில்லை, சனிக்கிழமையை எடுத்துவிட்டான். நான் ரோட்டைப் பார்த்தேன். எதிரே ஒரு சிவப்பு வண்டி வந்தது, என்னுடையதோ என்று நம்பரைப் பார்த்தேன், இல்லை, அது வேறு சிவப்பு.

செட்டிகுளம் ஏற்றத்தில் டிராபிக் நின்றது. எனக்கு முன்னால் ஒரு மணல் லாரி, பின்னால் ஒரு ஆட்டோ, அதன் பின்னால் வரிசை. லாரி நகர்ந்தது, நானும் கிளட்சை விட்டேன், உயரத்தில் பிடிக்கிற கிளட்ச் என்பது மறந்துபோயிற்று, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. நான் வண்டியை அணையவிட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. பின்னால் ஹார்ன் தொடங்கியது, ஒன்று, பிறகு எல்லாம். “ஹேண்ட்பிரேக் போடு” என்றான் ஜஸ்டஸ். போட்டிருந்தேன். “கிளட்ச மிதி. மிதிச்சுட்டியா? முழுசா மிதி. நியூட்ரல். நியூட்ரல்னா என்னன்னு தெரியும்ல்லா? எத்தன தடவ சொல்லிக் கொடுத்திருக்கேன், ஏற்றத்துல ஆக்சிலேட்டர் கொடுத்துக்கிட்டே விடணும்னு. உனக்க தலையில என்னதான் இருக்கோ.” கல்யாணமான புதிதில் இதே குரலில்தான் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான், சங்குத்துறைக் கடற்கரை ரோட்டில், ஒவ்வொரு தப்புக்கும் டேஷ்போர்டை அடிப்பான், நான் அழுதுகொண்டே கியர் மாற்றினேன், அழுதுகொண்டே கற்றுக்கொண்டேன். யார் பக்கத்திலும் உட்கார்ந்து கத்தக்கூடாது என்று மட்டும் அவனிடமிருந்து நானாகக் கற்றேன், அதற்குத்தான் இன்றைக்குப் பெண்கள் எனக்குக் காசு தருகிறார்கள். இப்போது அவன் டேஷ்போர்டை அடித்தான். உள்ளங்கையால், பட்டென்று. நான் சாவியைத் திருப்பவில்லை. அவனுக்குக் குறுக்கே கையை நீட்டி இடது பக்கக் கதவின் கொக்கியை இழுத்துத் தள்ளினேன். வெயிலும் ஹார்ன் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. “இறங்கு” என்றேன். இருபத்திரண்டு வருஷம் வாங்க, போங்க, சாப்பிடுங்க என்றே சொல்லிப் பழகிய வாய். ஸ்டேஷனில் அந்தப் போலீஸ்காரன் சிரித்த அன்றைக்கு ராத்திரி போனில்கூட எதுக்கு வித்தீங்க என்றுதான் கேட்டேன். அவன் அந்த வார்த்தையைக் கேட்டான், கேட்டது சரிதானா என்று என் வாயையே பார்த்தான். “நடுரோட்டுலயா?” “நடுரோட்டுலதான். இறங்கு.” “ஆளு பாக்கு ரோசி.” “பாக்கட்டு.” ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, யக்கோவ் சண்டைய வீட்டுல வெச்சுக்கிடுங்க என்று கத்தினான். அதுதான் அவனை இறக்கியது, நான் இல்லை. இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடைபாதையில் நின்றான்.

சாவியைத் திருப்பினேன். டக். மறுபடி. டக், டக். பேட்டரி. இப்போதுதான் உறைக்கிறது, நான் யார்டுக்குள் நுழைந்தபோதும் இது ஓடிக்கொண்டிருந்தது, கிளம்பும்போதும் அணைக்காமல்தான் கொடுத்தார்கள், டாக்டர் ஓட்டின வண்டி, ஒரே ஓனர், பென்சிகர் உனக்கு நாசம்தான், ஆனால் அது நாளைக்கு. இப்போது ஏற்றம், செத்த எஞ்சின், பின்னால் ஊர் முழுக்க. ஜஸ்டஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனைக் கூப்பிடமாட்டேன். தள்ளச் சொல்லமாட்டேன். இந்த வண்டி இங்கேயே துருப்பிடித்து மண்ணோடு போனாலும் சரி. கண்ணை மூடிக்கொள்ளலாம்போல இருக்கிறது, மூடிக்கொண்டால் எல்லோரும் ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஏற்றம் என்றால் அந்தப் பக்கம் இறக்கம்தானே. பின்னால் உருளவிட்டு, ரிவர்ஸில் பிடிக்கவைத்தால் எஞ்சின் எழுந்துகொள்ளும். அதற்கு ஒரு லாரி நீளம் இடம் வேண்டும். ஜன்னலை இறக்கிக் கையை வெளியே போட்டு, பின்னால போங்க, பின்னால போங்க என்று ஆட்டினேன். ஆட்டோக்காரன் நகரவில்லை. அப்போது ஜஸ்டஸ் ரோட்டில் இறங்கினான். நான் கேட்கவில்லை. நேராக ஆட்டோவின் முன்னால் போய் நின்று அதன் மூக்கில் தட்டி, “பின்னால எடுலேய், வண்டி உருளப்போவுது, கண்ணு தெரியலியா?” என்று கத்தினான், அதன் பின்னால் இருந்த வேன்காரனையும் பார்த்துக் கத்தினான், இரண்டு கையையும் விரித்து அவர்களை ஒவ்வொருவராக இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போனான். அவனுடைய அந்தக் குரல் ஒரு தடவை என் பக்கம் இல்லாமல் வேறு பக்கம் போனது. கண்ணாடியில் ரோடு திறந்தது. “ம், விடு!” என்று கை காட்டினான். அவன் கை காட்டியதற்காக விடவில்லை. ரிவர்ஸ் போட்டு, கிளட்சை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன், வண்டி பின்னால் உருண்டது, இன்னும், இன்னும், இப்போது. கிளட்சை விட்டேன். ஒரு உதறல், ஒரு இருமல், எஞ்சின் எழுந்து அலறியது. கிளட்சை மறுபடி மிதித்து, ஹேண்ட்பிரேக்கைத் தூக்கி, ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரன்கூடக் கையைத் தூக்கிக் காட்டினான். ஜஸ்டஸ் வியர்க்க வியர்க்க ஓடிவந்தான், முகத்தில் ஒரு சிரிப்பு, பந்தை வலைக்குள் போட்டவனின் சிரிப்பு, எல்லாம் சரியாகிவிட்டது என்கிற சிரிப்பு. வந்து இடது பக்கக் கதவின் பிடியில் கை வைத்தான். கதவைப் பூட்டியிருந்தேன். ஒரு தடவை இழுத்தான், இன்னொரு தடவை இழுத்தான், கண்ணாடியில் விரலால் தட்டி, ரோசி, ரோசி என்று ஏதோ சொன்னான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை, கேட்க நான் குனியவுமில்லை. முதல் கியர் போட்டேன். இந்தத் தடவை கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. அவன் கை பிடியிலேயே இருந்தது, இரண்டு எட்டு, மூன்று எட்டு கூடவே நடந்தான், பிறகு விட்டுவிட்டான்.